நடைவழி நாற்று

அந்த மாதம் முழுவதும் மலையூரான கோலா தெர்லாவில் வெயில் என்று சொல்லத்தக்க எதையும் யாரும் பார்க்கவில்லை. காலையில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வரும். கலைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மழையாகிவிடும். மழை விட்டால் மறுபடியும் மேகம். துவைத்த துணிகள் அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில்தான் காய்ந்தன. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் மாலை வகுப்புக்குப் போய் உட்கார்ந்தால் என் சட்டையிலிருந்து கருவாட்டு வாசனை வந்தது. பக்கத்து நாற்காலிக்காரரிடமிருந்தும் அதே வாசனை வந்ததால் நான் அதிகம் கூச்சப்படவில்லை.

நாகப்பன் அண்ணன் வீட்டுப் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். காலையில் அவர்களுடைய நாற்றுக் கொட்டகையில் வேலை, மாலையில் விவசாயச் சான்றிதழ் வகுப்பு. இரும்புக் குழாய்களை வளைத்து மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்திய கொட்டகை அது. பக்கவாட்டுத் தாள்களைக் கயிறு இழுத்துச் சுருட்டலாம், இறக்கலாம். உள்ளே இடுப்புயரப் பலகைகள். பலகைகளின் மேல் குழி குழியாகத் தட்டுகள், குழிக்கு ஒரு விதை. நடுவே ஒரே ஒரு நடைவழி. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக அண்ணன் அதை மிகவும் குறுக்கி வைத்திருந்தார். அண்ணனின் மனைவி ஆரியமாலா அக்கா கனத்த உடம்புக்காரர்.

"வழிய அகலமாக்குங்கன்னு எத்தன வருசமா சொல்றேன்?"

"வழி சரியாத்தான் இருக்கு லா. யோகேஸ் போகல? நான் போகல? வழியில என்ன குத்தம்?" என்று அண்ணன் என்னையும் காட்டிக் கேட்பார்.

"ஆமா, நீங்க ரெண்டு பேரும் காஞ்ச கருவாடு. காத்தடிச்சா போயிருவீங்க."

இது ஏறக்குறைய தினமும் நடக்கும்.

அந்த முறை தட்டுகளில் இருந்த தக்காளி நாற்றுகள் எல்லாம் வடமலை அண்ணனுக்கு. அவர் அக்காவின் தம்பி. தீபாவளி கழிந்து பெய்த மழையில் அவருடைய மேட்டு நிலத்தில் மண் சரிந்தது. காய் பிடித்திருந்த செடிகள் மொத்தமும் மண்ணுக்குள் போய்விட்டன. அவரும் மனைவியும் மலைச்சரிவில் பயிர் வைக்கும் படிகளை மண்வெட்டியால் ஒவ்வொன்றாக மறுபடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நிலம் ஈப்போவில் இருக்கும் சீன முதலாளி சியா தவுக்கேவினுடையது. தவுக்கே ஒருநாள் மேலே வந்து சரிவைப் பார்த்தார், ஒரு டின் பிஸ்கட்டைக் கொடுத்தார், பிறகு மெதுவாகச் சொன்னாராம்: டிசம்பரில் எங்கள் சீன மாவுருண்டைப் பண்டிகை முடிந்ததும் மறுபடி வருவேன், படியில் செடி நின்றால் நிலம் உன்னிடமே இருக்கட்டும், வெறும் மண்ணாகக் கிடந்தால் செவ்வந்திப் பூக் கம்பெனிக்காரர்கள் நிலத்தைக் கேட்கிறார்கள், கோபித்துக்கொள்ளாதே.

கோபித்துக்கொள்ள முடியாதபடி அவர் சொல்லிவிட்டுப் போனதுதான் வடமலை அண்ணனுக்குக் கஷ்டமாக இருந்தது.

விதை போட்டாயிற்று. முளைத்தும் ஆயிற்று. ஆனால் இரண்டு விதையிலைகளை விரித்ததோடு நாற்றுகள் அப்படியே உட்கார்ந்துவிட்டன. வெயில் இல்லாமல் அவை என்ன செய்யும்?

ஒருநாள் காலையில் வடமலை அண்ணன் முழங்கால் வரை சேறோடு வந்தார். அக்கா வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் தட்டில் வைத்தார்.

"பசியாறிட்டியா?"

"ஆச்சுக்கா."

"எங்க ஆச்சு? மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. உக்காரு."

அவர் உட்கார்ந்தார். கிழங்கை ஒரு வாய் வைத்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் பார்த்தார். "மாமா, நாத்து எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றார் நாகப்பன் அண்ணன்.

"இருக்குன்னா?"

"இருக்குன்னா இருக்கு மச்சான். சாகல. வளரல. நம்ம மாதிரியே இருக்கு."

வடமலை அண்ணன் கிழங்கை முடித்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நாகப்பன் அண்ணன் செவ்வந்திக் கம்பெனி ஒன்றில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். அங்கே பூவுக்குத் தண்டு நீளம்தான் உயிர். தண்டு குட்டையாக இருந்தால் பூ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பெட்டிக்குள் போகாது. அதற்காக அங்கே ஒரு வளர்ச்சி மருந்து அடிப்பார்கள். அண்ணன் கையால் அடித்த மருந்து, அவர் கண்ணால் பார்த்த வளர்ச்சி. அன்று மதியம் அவர் உரக்கடைக்குப் போய் அதை வாங்கி வந்தார். அக்கா சந்தைக்குப் போயிருந்தார். பூவுக்குக் கலக்கிய அளவிலேயே அண்ணன் கலக்கினார்.

"அண்ணே, தக்காளிக்கு இது எவ்வளவுன்னு டப்பாவுல போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"தண்டு தண்டுதானே லா. பூவுக்கு ஒரு தண்டு, தக்காளிக்கு ஒரு தண்டா?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. தவறு என்று அடித்துச் சொல்லவும் தெரியவில்லை. தொட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் ஒரு தட்டு விடாமல் அடித்தார். பனித்துளி மாதிரி ஒவ்வொரு இலையிலும் மருந்து நின்றது. சாயங்காலம் சாரல் உள்ளே வந்ததால் பக்கத் தாள்களை இறக்கிவிட்டோம். மழை நிற்கவே இல்லை. அந்த வாரம் முழுவதும் தாள்களை நாங்கள் தூக்கவில்லை. உள்ளே வெதுவெதுப்பாக, அரையிருட்டாக இருந்தது. தினமும் விடியுமுன் இருட்டிலேயே மழைக்கோட்டோடு போய்த் தண்ணீர் தெளித்து வருவது அக்காவின் வேலை. நாற்றுகளுக்குச் சுகமாக இருக்கும் என்றுதான் நினைத்தோம்.

முதலில் தண்டு லேசாக நீண்டது போலிருந்தது. அடுத்த நாள் சந்தேகமே இல்லை. அதற்கும் அடுத்த நாள் நாகப்பன் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு சிரிப்பு.

"பாத்தியா? நேத்து சுண்டுவிரல் நகம். இன்னிக்கு விரல். கூப்பிடு உங்க அக்காவ."

அக்கா வந்தார். வாசலிலேயே நின்றார். ஒரு நாற்றின் அடியில் விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தார். விரலை எடுத்ததும் அது பக்கத்து நாற்றின் மேல் சாய்ந்தது, பக்கத்து நாற்று அதற்கடுத்ததின் மேல்.

"என்னத்த அடிச்சீங்க?"

"மருந்துதான். வளருதுல்ல?"

"இதுக்குப் பேரு வளர்ச்சியா? நாத்தாங்க இது? நூலு. துணி தைக்கலாம்."

"நீளத்தப் பாரு மாலா..."

"நீளத்த வச்சிக்கிட்டு என்ன பண்றது? கல்யாண வீட்டுல தோரணம் கட்டவா? அவன் பூச்செடி வைக்கப்போறானா, தக்காளி வைக்கப்போறானா? பூக்காரன் புத்தி பூக்காரன் புத்திதான்! அந்த மேட்டுல அடிக்கிற காத்துக்கு இது ஒரு மணி நேரம் நிக்குமா?"

அண்ணனின் சிரிப்பு போய்விட்டது. அவர் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அக்கா பேசிக்கொண்டே போனார். தவுக்கே வருவதற்குள் மறுபடி விதை போட்டு வளர்க்க நேரம் கிடையாது. வேறு நாற்றுக்கடைகளில் எல்லாம் சரிவுக்குப் பிறகு சொல்லிவைத்தவர்கள் வாங்கிப் போய்விட்டார்கள். இது இல்லையென்றால் வடமலைக்கு வேறில்லை. இதையெல்லாம் அண்ணனும் அறிந்திருந்தார். கடைசியில் அக்கா அழுதார். அழுகையை அடக்கிக்கொள்ளவோ என்னவோ, நீர்த்தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் இறங்கினார். மழைக்கோட்டின் இரண்டு பக்கமும் தட்டுகளை உரசிக்கொண்டு போயிற்று. போய்க்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார்.

"யோகேஸ், இங்க வா."

போனேன்.

"இத அடிக்கலையா அவரு?"

நடைவழியை ஒட்டி, பலகையின் விளிம்பில் இருந்த தட்டுகளை அக்கா காட்டினார். அவற்றிலும் நாற்றுகள் வளர்ந்திருந்தன. ஆனால் குட்டையாக, தண்டு தீக்குச்சி போலப் பருத்து, இலை கரும்பச்சையாக. சாயவில்லை. ஒரு கை நீட்டினால் எட்டும் உள்வரிசையில் அதே விதை, அதே மண், நூலாகக் கிடந்தது. விளிம்பில் மட்டும் வேறொரு பயிர் போல நின்றது. மறுபக்கப் பலகையிலும் அப்படியே. நடைவழியின் இருபக்கமும் கரை கட்டியது போல ஒரு வரிசை.

"எல்லாத்துக்கும்தான் அடிச்சேன்," என்றார் நாகப்பன் அண்ணன் பின்னாலிருந்து. "யோகேஸ் பாத்திச்சி. ஒரே தொட்டி, ஒரே கை."

"அப்ப இது ஏன் இப்படி?"

வெளிச்சம்தான் காரணமாக இருக்கும் என்று அண்ணன் சொன்னார். ஆனால் நடைவழி கொட்டகையின் நடுவில் இருந்தது, ஓரத்தை விட இருட்டாகத்தான் இருக்கும். தாளிலிருந்து சொட்டும் தண்ணீரோ என்று நான் கேட்டேன். அங்கே சொட்டு விழுவதில்லை. வாசல் நேரே இருப்பதால் குளிர்காற்று நடைவழியில் வருகிறது என்றேன். அது நியாயமாகத் தோன்றியது. ஆனால் வாசலிலிருந்து எட்டக் கிடந்த கடைசித் தட்டும் விளிம்பில் கட்டையாகத்தான் இருந்தது.

அக்கா திரும்பி நடக்க முயன்றார். திரும்பும்போது மழைக்கோட்டு மறுபடி உரசியது. நாற்றுகள் குனிந்து நிமிர்ந்தன.

நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். நான் முதலில் பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார்.

"மாலா. இன்னொரு தடவ நட."

"என்னாது?"

"நட லா."

அக்கா நடந்தார். விளிம்பு நாற்றுகள் வரிசையாகக் குனிந்தன, வரிசையாக நிமிர்ந்தன. கோட்டு எட்டாத இரண்டாம் வரிசை அசையவில்லை. எந்த இடத்தில் அசைவு நின்றதோ அதே இடத்தில்தான் கட்டை நாற்று முடிந்து நூல் தொடங்கியது. கயிறு பிடித்துக் கோடு போட்டது போல.

"அட," என்றார் அண்ணன். "உன் இடுப்பு இடிச்ச இடமெல்லாம் நாத்தா நிக்குது."

அக்கா அவரை முறைத்தார். பிறகு தன் கோட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு நாற்றை. ஈரக் கையால் ஒரு நாற்றின் தலையை மெல்ல வருடினார். தண்டு முழுவதும் வெள்ளை வெள்ளையாக மெல்லிய ரோமம் இருந்தது. அதை அதற்கு முன் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான், அது எதற்காக இருக்கிறது என்ற கேள்வி வந்தது. எதற்கென்று இன்றும் தெரியாது. கண் இல்லை, காது இல்லை, யாரோ உரசிக்கொண்டு போனதை அது தெரிந்துவைத்திருக்கிறது. வளரு வளரு என்று மருந்து உள்ளே கத்திக்கொண்டிருக்கும்போது, வெளியே ஒரு மழைக்கோட்டு தொட்டதற்காக, இரு, முதலில் காலை ஊன்றிக்கொள்கிறேன் என்று நின்றிருக்கிறது. எனக்குக் கைரோமம் சிலிர்த்தது. அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எதற்குக் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அன்று வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். "எந்த வெளிச்சத்துல, எந்தக் குளிர்ல, எந்தக் காத்துலன்னு சொல்லாம, இந்த மருந்து வளர்க்கும்னு மட்டும் சொன்னா அது பாதிப் பேச்சு," என்றார். இருட்டும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் மருந்து தலைகால் தெரியாமல் நீட்டும். விடியற்காலைக் குளிரும் அசைவும் அதைப் பிடித்து நிறுத்தும். ஆனால் நீண்டுவிட்ட தண்டு திரும்பக் குட்டையாகுமா என்று கேட்டதற்கு, ஆகாது என்றார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே பக்கத் தாள்களைச் சுருட்டினோம். குளிர் உள்ளே தண்ணீர் போல வழிந்தது. அண்ணன் அக்காவின் பழைய மழைக்கோட்டை வெட்டி ஒரு நீள மூங்கிலில் திரை போலத் தொங்கவிட்டிருந்தார்.

"இது என்னாங்க?"

"உன் இடுப்பு. ரெண்டு பக்கமும் எட்டுற மாதிரி பண்ணிட்டேன்."

"வாய மூடிக்கிட்டுப் பிடிங்க."

ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு தட்டுகளின் மேல் அதை இழுத்துக்கொண்டே போனோம். நூல் நாற்றுகள் படுத்துக்கொண்டன, மெல்ல எழ முயன்றன. அறுந்துவிடுமோ என்று எனக்குப் பயம். சில அறுந்தும் போயின. காலையும் மாலையும் இழுத்தோம். வடமலை அண்ணன் வந்தபோது, அக்காவும் மாமாவும் எதிரெதிரே நின்று ஒரு கிழிந்த மழைக்கோட்டைத் தக்காளி மேல் இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, அப்படியே வாசலில் நின்றுவிட்டார்.

"என்னக்கா, மந்திரிக்கிறீங்களா?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். மருந்தையும் சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வடமலை அண்ணன் விளிம்பு நாற்றையும் உள் நாற்றையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தோம். அவர் மூங்கிலின் ஒரு முனையை அக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"மாமா, மெதுவா இழுங்க. நீங்க லோரி இழுக்கிற மாதிரி இழுக்கிறீங்க."

எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. தாளைத் தூக்கியதும் தொடுவதும் ஒன்றாகவே நடந்ததால், எது வேலை செய்கிறது என்று எப்படிச் சொல்வது? ஒரே ஒரு தட்டை மட்டும் தொடாமல் விட்டுவைக்கலாமா என்று கேட்டேன்.

"அது என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் அக்கா.

"மண்ணுக்குள்ள எவ்வளவோ போச்சு," என்றார் வடமலை அண்ணன். "ஒரு தட்டுதானே. தெரிஞ்சிக்கட்டும். எனக்கும் தெரியணும்."

அந்தத் தட்டு நீளுவதை நிறுத்திக்கொண்டது. ஆனால் தண்டு தடிக்கவில்லை, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தே கிடந்தது. மற்ற தட்டுகளில் தண்டின் மேல்பாதி, புதிதாக வளர்ந்த பகுதி, நாளுக்கு நாள் கட்டையாகிக்கொண்டு வந்தது. குளிர் நிறுத்துகிறது, தொடுகை தடிக்கவைக்கிறது என்று எழுதிக்கொண்டேன். பிறகு, ஒரு தட்டை வைத்து அப்படிச் சொல்ல நான் யார் என்று அதை அடித்துவிட்டேன்.

பண்டிகை நெருங்கிவிட்டது. இப்போது நாற்று ஒவ்வொன்றும் விசித்திரமாக இருந்தது. கீழே நூல், மேலே விரல். நல்ல தலை, அதைத் தாங்கக் கால் இல்லை. மேட்டுக் காற்றில் முதல் மணி நேரத்திலேயே அந்த நூல் மடங்கிவிடும்.

"விளிம்புல இருந்தத மட்டும் நடுவோம்," என்றார் நாகப்பன் அண்ணன். "முன்படி ரெண்டுக்கு வரும்."

"முன்படி ரெண்ட மட்டும் பாத்துட்டுத் தவுக்கே போயிருவாரா? மேல வரைக்கும் ஏறுவாரு மாமா. அவரும் விவசாயம் பண்ணவருதான்."

வடமலை அண்ணன் ஒரு நூல் நாற்றை மண்ணோடு பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அது நிற்காமல் கையில் படுத்துக்கொண்டது.

"நிக்கமாட்டேங்குதுல்ல," என்றார். "அப்ப படுக்கட்டும்."

"என்னடா சொல்ற?"

"படுக்க வச்சே நடுறேன். நூல மண்ணு மூடிக்கட்டும். தலைய மட்டும் வெளிய விடுறேன். காத்து எதப் போயி உடைக்கும்?"

"அழுகிரும்டா."

"அழுகலாம். நின்னாலும் உடையத்தான் போவுது."

தவுக்கே வரும் நாளுக்கு முந்தைய நாள் நட்டோம். மழை தூறிக்கொண்டே இருந்தது. முன்படிகளில் விளிம்பு நாற்றுகளை நிறுத்தி நட்டோம். மற்ற படிகளில் வடமலை அண்ணனும் மனைவியும் நீளவாக்கில் கீறிக்கொண்டே போனார்கள். நானும் அக்காவும் நாற்றுகளைக் கிடத்தினோம். நாகப்பன் அண்ணன் பின்னால் தவழ்ந்து வந்து மண்ணை மூடினார். குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவது போல மூடினார். தலைகள் எல்லாம் சேற்றில் ஒரு பக்கமாகக் கன்னத்தை வைத்துக் கிடந்தன. இருட்டுவதற்குள் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் படிகளில் செடி இருப்பதாகவே தெரியவில்லை. யாரோ கீரையைச் சிந்திவிட்டுப் போனது போல் இருந்தது.

"தவுக்கே இதப் பாத்தா என்ன சொல்லுவாரு?" என்றார் வடமலை அண்ணனின் மனைவி.

மண்வெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு கீழே இறங்கினோம்.

காலையில் நாங்கள் மேட்டுக்கு ஏறினோம். மேகம் அவ்வளவு அடர்த்தியாக இருந்தது, முன்னால் போன அக்காவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அக்கா திடீரென்று நின்றதால் நான் அவர் மேல் முட்டிக்கொண்டேன். அவர் திட்டவில்லை. கையை நீட்டிக் காட்டினார்.

தலைகள் எழுந்திருந்தன. ஒன்றிரண்டு இல்லை, படி படியாக, மேகம் விலகி விலகித் தெரிந்த வரைக்கும். சேற்றில் கிடந்த ஒவ்வொன்றும் கழுத்தை வளைத்து வானத்தைப் பார்த்து நின்றது. கன்னத்தில் சேறு இன்னும் ஒட்டியிருந்தது. இருட்டில், மண்ணுக்குள் படுத்துக்கொண்டே, மேல் எது கீழ் எது என்று எப்படித் தெரிந்துகொண்டது? வடமலை அண்ணன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நாங்கள் வந்ததை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

தவுக்கே பத்து மணிக்கு வந்தார். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கடைசிப் படி வரை ஏறினார். அவரும் வடமலை அண்ணனும் சந்தையில் பேசும் கொச்சை மலாயில் பேசிக்கொண்டார்கள்.

"எப்ப நட்டே?"

"நேத்து, தவுக்கே."

"பொய். நேத்து நட்டது வாடிக் கிடக்கும். இது நிக்குது."

"படுத்துக்கிட்டுத்தான் நிக்குது."

வடமலை அண்ணன் ஒரு செடியின் பக்கத்தில் விரலால் மண்ணை ஒதுக்கிக் காட்டினார். உள்ளே அந்த நூல் வெள்ளையாகக் கிடந்தது. அதன் நீளம் முழுவதும் சின்னச் சின்னப் புடைப்புகள், வேர் வரப்போகும் இடங்கள். நாகப்பன் அண்ணன் எட்டிப் பார்த்தார். நீட்டியது வீணாகப் போகவில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தவுக்கே மெல்ல முழங்காலிட்டார். வயதானவர், நேரம் பிடித்தது. கொஞ்ச நேரம் அந்தப் புடைப்புகளைப் பார்த்தார். பிறகு ஒதுக்கிய மண்ணைத் தன் கையாலேயே திரும்ப மூடி, மூன்று விரலால் அழுத்தினார்.

"ஊன்ற மூங்கில் வச்சிருக்கியா?"

"எல்லாம் மண்ணுக்குள்ள போச்சு."

"கீழ என் கொட்டகையில பழசு கிடக்கு. லோரி எடுத்துட்டு வந்து ஏத்திக்க. செடி உயரமாப் போற சாதி மாதிரி தெரியுது."

செவ்வந்திக் கம்பெனியைப் பற்றி அவர் பேசவே இல்லை. கையிலிருந்த சேற்றைத் துடைக்காமலேயே இறங்கிப் போனார். அவருடைய காரின் சத்தம் மேகத்துக்குள் வெகு நேரம் கேட்டது.

அதன் பிறகுதான் வடமலை அண்ணன் எழுந்தார். எழுந்தவர் செடிகளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரு பக்கமாவே பாக்குது," என்றார்.

உண்மைதான். எல்லாத் தலைகளும் லேசாக ஒரே திசைக்குச் சாய்ந்திருந்தன. கிழக்கு என்று நினைக்கிறேன். அந்த மேகத்தில் எனக்குத் திசை தெரியவில்லை. அவர் மனைவியோடு நாங்கள் ஐந்து பேரும் அந்தப் பக்கம் திரும்பி நின்று பார்த்தோம். வெள்ளையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. செடிகள் மட்டும் பார்வையை எடுக்கவில்லை.